வாய் மூடாத காக்கை

காக்கையின் வாயை மூடிவிடச் சொல்லி இயக்குநர் வந்தபோது நான் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். பசை காய்ச்சும்போது யார் வந்தாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கிண்டுவதைக் கொஞ்சம் விட்டாலும் கட்டி தட்டிவிடும். கட்டி தட்டிய பசையில் ஒட்டிய காகிதம் காய்ந்ததும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். இது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த நேரமாகப் பார்த்து வந்தார் என்று இப்போதும் நினைக்கிறேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லாமல் முதுகைப் பார்த்துச் சொன்னார்.

"மத்த பறவையெல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். காக்காவுக்கு மட்டும் கீழ் அலகும் வெச்சு மூடிடுங்க. குரலைத் தனியா பதிவு பண்ணிப் போட்டுக்கலாம்."

நான் ஒரு நாடகக் குழுவுக்கு வேஷத் தலைகள் செய்கிறவள். குதிரைத் தலை, பிசாசுத் தலை, ஒரு தடவை மூன்று மூக்குள்ள மந்திரியின் தலைகூடச் செய்திருக்கிறேன். இந்த முறை நாடகம் முழுக்கப் பறவைகள். சாலையை அகலப்படுத்த ஒரு பெரிய மரத்தை வெட்டப்போகிறார்கள். அதில் குடியிருக்கும் பறவைகள் கூடி, போவதா இருப்பதா என்று மல்லுக்கு நிற்கின்றன. அதிகம் பேசுவது காக்கைதான். எங்கள் குழுவில் தொடக்கத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தலையானாலும் மேலுதட்டோடு நின்றுவிடும். மேல் அலகு மட்டும் மூக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில் நடிக்கிறவரின் சொந்த வாய் திறந்தே இருக்கும். வாயை மூடிச் செய்தால் குரல் பானைக்குள் பேசினதுபோல் உள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் முழுக் கட்டணம் கொடுத்து வந்தவர்தானே.

காக்கை வேஷம் என் அண்ணிக்கு. அண்ணனுக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்பே அவள் இந்தக் குழுவில் இருந்தவள். விளக்கும் ஒலியும் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் அவள் குரலைக் கேட்டுத்தான் மயங்கினான். முகத்தைப் பிறகுதான் சரியாகப் பார்த்தேன் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். போன வருஷம் ஒரு காலை, அண்ணி எழுந்து வாய் கொப்பளிக்கப் போனபோது தண்ணீர் வாயில் நிற்காமல் ஒரு பக்கமாக வழிந்துவிட்டது. இடது பாதி முகம் அப்படியே தொங்கிவிட்டது. நரம்பில் வீக்கம், வந்த வழியே போய்விடும் என்றார் டாக்டர். பெரும்பகுதி போகத்தான் செய்தது, மிச்சம் போகவில்லை. இடது கண் முழுதாக மூடாது. பேசும்போது வாய் வலது பக்கம் இழுக்கும். உதடு சேர்த்துச் சொல்கிற எழுத்துகள் வரும்போது இடது ஓரத்தில் காற்று கசியும். அவ்வளவுதான். ஞாபகம் அப்படியே இருந்தது, குரலின் கனம் அப்படியே இருந்தது, என்னைத் திட்டுவதும் அப்படியே இருந்தது.

இயக்குநர் பூசி மெழுகினார். மேடையில் அவள்தான் இருப்பாள், யார் வேண்டாம் என்றது, அவளுடைய நல்லதுக்குத்தான் சொல்கிறேன், பார்க்கிறவர்கள் காக்கையைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவளுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம் என்றார். நான் கரண்டியை விடாமலே கேட்டேன்.

"எந்தப் பறவைக்கு சார் உதடு இருக்கு? எல்லாம் பேசாமலா இருக்குதுங்க?"

சிரித்தார். நியாயமான கேள்வி கேட்டால் அவர் அப்படித்தான் சிரிப்பார். புறா வேஷம் போடுகிறவள் காக்கையின் வசனத்தைப் பேசித் தர ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே, வீட்டிலும் பேசியாகிவிட்டது என்றார். அப்போதுதான் நான் திரும்பினேன். பசை அடிப்பிடித்துவிட்டது.

வீட்டில் என்றால் அண்ணனிடம். இரண்டு பேரும் காதும் காதும் வைத்த மாதிரி முடித்திருக்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்று வந்தது வெறும் கோபமில்லை, பயமும் சேர்ந்தது. தலையை மூடிவிட்டால் உள்ளே யார் நின்றால் என்ன? அண்ணிக்குப் பதிலாக ஒரு மூங்கில் கழியை நிறுத்திக் கறுப்புத் துணி சுற்றினாலும் போதும். இந்த நாடகத்தில் அவள் குரல் போனால், அடுத்த நாடகத்தில் ஆளே போய்விடுவாள். அதற்கடுத்து, முன்னொரு காலத்தில் நன்றாக நடிப்பாள் பாவம் என்று பேசுவார்கள். அந்தப் 'பாவம்' வருவதற்கு என் கையால் ஒரு தலை செய்து கொடுக்க நான் தயாராக இல்லை.

அண்ணன் வீட்டில் மேஜையில் ஒரு ஒயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தான். அண்ணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்த வேகத்தில் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணியைப் பார்த்து யாரும் பரிதாபப்படக் கூடாது, அது தன்னால் தாங்க முடியாது, அதனால்தான் சரி என்றேன் என்றான். அதைக் கேட்டபிறகுதான் அண்ணிக்கு எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அதை அண்ணன் துணிகளின் மேல் வைத்தாள்.

"எனக்குப் பேச வரும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள்.

அண்ணன் ஒயரைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது. நான் விடவில்லை. காக்கையின் வாயை இருக்கிறதைவிடப் பெரிதாகத் திறந்து வைக்கிறேன், அலகை நெற்றிவரை தூக்கிவிடுகிறேன், உங்கள் முகம் முழுக்கத் தெரியட்டும், அந்த ஆள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று பொரிந்து தள்ளினேன். அண்ணி அண்ணனைப் பார்த்ததுபோலவே என்னையும் பார்த்தாள்.

"கோந்து, உன் கோவத்தைக் கொண்டுவந்து என் மூஞ்சில ஒட்டாதே," என்றாள். என் விரலிடுக்கில் எப்போதும் ஏதாவது பசை காய்ந்திருப்பதால் அவள் எனக்கு வைத்த பேர் அது. "அவரு மூடணும்கிறாரு. நீ திறக்கணும்கிற. இவரு யாரும் பார்க்கக் கூடாதுங்கிறாரு. மூஞ்சி என்னுது. நாளைக்குக் காலைல பட்டறைக்கு வரேன், அச்சு எடு."

அச்சு எடுக்கத்தான் வேண்டும். என் பட்டறைச் சுவரில் குழுவிலிருக்கிற எல்லோருடைய முகமும் மாவுக்கட்டு அச்சாக வரிசையில் இருக்கிறது. அண்ணியுடையதும் இருந்தது, ஆனால் அது முகம் தொங்குவதற்கு முன் எடுத்தது. அதன்மேல் தலை செய்தால் இடது கண்ணிலும் கன்னத்திலும் உராயும். மூடாத கண்ணில் காகித விளிம்பு உராய்வது என்பது விளையாட்டில்லை.

மறுநாள் அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, முடியைத் துணியால் கட்டி, முகம் முழுக்க எண்ணெய்ப் பசை தடவினேன். இடது கண்ணின் இமையை விரலால் இறக்கி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, அது நகராதபடி ஒரு நாடாவால் கட்டினேன். மாவுக்கட்டுத் துணியைத் துண்டு துண்டாக நனைத்து நெற்றியிலிருந்து கீழே பதித்துக்கொண்டு வந்தேன். மூக்குத் துளை மட்டும் வெளியே. கட்டு இறுகும்வரை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. வழக்கமாக இந்த நேரத்தில் நான் வேண்டுமென்றே ஏதாவது சொல்லி ஆளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். அன்று எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டு சூடேறி இறுகும்போது பிடி இறுகியது, அப்புறம் தளர்ந்தது.

அந்தக் கட்டை எடுத்து, உள்ளே மாவு ஊற்றி, காய்ந்ததும் பிரித்தேன். அண்ணியின் முகம் வெள்ளையாக மேஜைமேல் இருந்தது. இடது பக்கம் கன்னம் தாழ்ந்து, வாயோரம் கீழே இறங்கி, உள்ளபடி வந்திருந்தது. எங்கள் தொழிலில் யாருடைய அச்சும் நேராக வராது. எல்லோருக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அச்சு வந்ததும் களிமண்ணை அப்பி, தாழ்ந்த பக்கத்தை மேட்டோடு சமன் செய்துவிட்டுத்தான் மேலே காகிதம் ஒட்டுவோம். தலை பார்க்க எடுப்பாக இருக்கும். என் கை பழக்கதோஷத்தில் களிமண்ணை எடுத்துவிட்டது. கன்னத்தில் அப்பிக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

"கையை எடு," என்றாள் அண்ணி.

எடுத்தேன். அவள் தன் விரல் நகத்தால் அந்தக் களிமண்ணைச் சுரண்டி எடுத்து, உருட்டி, டப்பாவில் திரும்பப் போட்டாள். ஒரு திட்டுகூட திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இயக்குநரையும் அண்ணனையும் அவ்வளவு பேசிவிட்டு, கடைசியில் அவர்கள் நினைத்ததைத்தான் என் கட்டைவிரலும் செய்துகொண்டிருந்தது.

அப்புறம் அவள் கண்ணாடி முன் நின்று வசனத்தைச் சொல்லிக் காட்டினாள். உதடு சேரும் இடங்களில் காற்று புஸ்ஸென்று போனது. பிறகு ஆள்காட்டி விரலை இடது வாயோரத்துக்குப் பக்கத்தில் வைத்து, கன்னத்தைக் காதுப் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே வசனத்தைச் சொன்னாள். கணீரென்று வந்தது. பட்டறைத் தகரக் கூரை அதிர்ந்தது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பல மாதமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாளாம். குளியலறையில் அவள் அழுகிறாள் என்றுதான் அண்ணனும் நானும் நினைத்திருந்தோம்.

"மேடைல இறக்கையை விட்டுட்டு விரலை வெச்சுக்கிட்டு நிக்க முடியாது. விரல் செய்யற வேலையை உன் தலை செய்யுமா?"

செய்யும் என்றேன். செய்யுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல நான் என்ன இயக்குநரா?

திருத்தாத அச்சின்மேல் காகிதத்தை ஒட்ட ஆரம்பித்தேன். ஒரு அடுக்கு செய்தித்தாள், ஒரு அடுக்கு பழுப்புக் காகிதம், மாற்றி மாற்றி. நெற்றியும் மேல் அலகும் எல்லாத் தலைகளையும் போலத்தான். இடது பக்கத்தில் மட்டும் கன்னத்தோடு ஒட்டி ஒரு நாக்கு மாதிரி கீழே இறக்கினேன். அதன் உட்புறம் மெத்தென்ற தோல் துண்டு வைத்துத் தைத்து, எலாஸ்டிக் கோத்து, தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டினேன். இழுத்தால் தோல் கன்னத்தைப் பிடித்து மேலே தூக்கவேண்டும். ஆனால் அழுத்தக் கூடாது. முதலில் வைத்தது வழுக்கியது. அடுத்தது தூக்கியது, ஆனால் பல்லில் குத்தியது. அண்ணி தினமும் வந்து மாட்டிப் பேசிப் பார்ப்பாள், எங்கே குத்துகிறது என்று விரலால் காட்டுவாள், நான் உப்புத்தாளால் தேய்ப்பேன். நாக்கு உடையாமல் இருக்கவேண்டுமே என்று அகலமாகவே விட்டிருந்தேன். இறகுக்குக் கிழிந்த குடைத் துணி. தெருவில் யார் வீட்டில் குடை உடைந்தாலும் என்னிடம் வந்துவிடும். கறுப்புக் குடைத் துணியை இறகு இறகாக வெட்டி விளிம்பை லேசாகத் தீயில் காட்டினால் சுருண்டு நிற்கும், விளக்கு வெளிச்சத்தில் நீலம் அடிக்கும்.

முழு ஒத்திகைக்கு இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அரங்கின் பின்னால், ஒலிப்பெட்டிக்கு முன். புறாக்காரியின் குரலில் பதிவு செய்தது தயாராக இருந்தது. காக்கையின் முறை வந்ததும் பதிவு ஓடியது. அண்ணி அசையாமல் நின்றாள். பதிவு பேசி முடியும்வரை நின்றாள். முடிந்ததும், அத்தனையையும் தன் வாயால் முதலிலிருந்து சொன்னாள். எழுத்துக்கு எழுத்து சுத்தமாக வந்தது. புறாக்காரி தன் தலையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்வதற்கில்லை.

இயக்குநர் எழுந்து கைதட்டினார். எனக்கு ஜென்மம் கடைத்தேறிவிட்டது போலிருந்தது. அவர் மேடையருகே வந்து, அண்ணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நாக்கு வாயின் இடது ஓரத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"பிரமாதம். இப்ப தெரியவே இல்ல பாருங்க," என்றார்.

அண்ணி தலையைக் கழற்றினாள். முகம் வியர்வையில் நனைந்திருந்தது. மேடை விளிம்பில் உட்கார்ந்து, தலையை மடியில் வைத்து, அந்த நாக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"இதுல தூக்கிப் பிடிக்கறது எது, மறைக்கறது எது?"

காட்டினேன். தூக்குவது பின்பக்கத்து ஒரு விரல் அகலம்தான். முன்பக்கம் மிச்சமெல்லாம் பலத்துக்காக விட்டது.

"பலத்துக்கு வேற வழி இருக்கா?"

விளிம்பில் கம்பி கொடுக்கலாம் என்றேன்.

"அப்ப தூக்கிப் பிடிக்கறது இருக்கட்டும். மறைக்கறதை வெட்டிடு."

இயக்குநர் பதறிப்போனார். இவ்வளவு அழகாக வந்திருக்கிறதே, எதற்கு வம்பை விலைகொடுத்து வாங்குகிறீர்கள், வாய் இழுப்பது எல்லோருக்கும் தெரியுமே என்றார். அண்ணி அவரைப் பார்த்து, அந்தக் கோணல் வாயாலேயே, தூக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல், காற்று கசியக் கசியச் சொன்னாள்.

"பார்க்கட்டும் சார். பார்க்கத்தானே வராங்க."

நான் இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். காய்ந்த காகித அடுக்கை வெட்டுவது சுலபமில்லை, நறநறவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக ஒன்றை வெட்டின நினைவே இல்லை.

நாடகத்தன்று மாலை இயக்குநர் விட்டுக்கொடுத்தும் கொடுக்காமலும் ஒரு ஏற்பாடு செய்தார். அண்ணியே பேசட்டும், ஆனால் எங்கேயாவது தடுமாறினாலோ, ஜனங்கள் சலசலத்தாலோ பதிவு ஓடவேண்டும். அண்ணன் ஒலிப்பெட்டிமுன் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு பக்கம் இயக்குநர், இன்னொரு பக்கம் நான். அரங்கம் நிறைந்திருந்தது. கம்பி கொடுத்த விளிம்பு தாங்குமா என்பதுதான் என் கவலையெல்லாம்.

காக்கை வந்தது. பேசியது. தாங்கியது. வாய் வலது பக்கம் இழுப்பதும் பளிச்சென்று தெரிந்தது. மேடை விளக்கு அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது, அதைப் போட்டவன் என் அண்ணன்தான். வசனம் பாதியில் இருந்தபோது முன்பக்கத்திலிருந்து ஒரு ஆள் பக்கத்து ஆளிடம் கேட்டார். கிசுகிசுப்பதாக அவருக்கு நினைப்பு. அரங்கத்துக்கே கேட்டது.

"அந்தக் காக்காவுக்கு என்ன, வாய் ஒரு பக்கமா போகுது?"

அண்ணி நிறுத்திவிட்டாள். இயக்குநர் அண்ணன் காதருகே, போடு, போடு என்றார். அண்ணனின் கழுத்தில் வியர்வை இறங்கியது. மேடையையே பார்த்துக்கொண்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்துக் கையைக் கட்டிக்கொண்டான்.

மேடையில் காக்கை அந்த ஆள் இருந்த பக்கமாக இரண்டு தத்து தத்திப் போனது. தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் வர்ணம் தீட்டிய ஒற்றைக் கண்ணை அவர்மேல் வைத்தது. அப்படித் திருப்பினால் உள்ளே இருக்கிறவளுக்கு எதிரே ஒன்றுமே தெரியாது. இருட்டைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இவ்வளவு நீளத்துக்கு அலகு நீட்டிக்கிட்டு நிக்கிறேன். முதுகெல்லாம் இறகு. அதெல்லாம் சரியா இருக்கு, வாய்தான் உறுத்துதா உங்களுக்கு?"

அந்த ஆள்தான் முதலில் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. காக்கை அலகை இறகில் ஒரு தீட்டு தீட்டிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தது. அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடர்ந்தது.